செத்துப்போச்சா, தூங்குதா?

பி.காம். படிச்சவனுக்கும் சாண எரிவாயுவுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேக்கறீங்களா? கடன் கொடுத்துட்டா எல்லாம் சம்பந்தம்தான்.

இங்கே பஞ்சாபில் எங்க கிளையில் கடன் வாங்கிய ஒரு பால்பண்ணை. போன ஜனவரிக் குளிரில் அவங்க கலனில் வாயு பாதிக்கும் கீழே போயிடுச்சு. ஜெனரேட்டர் நின்னுச்சு, டீசல் செலவு ஏறுச்சு, தவணை நின்னுச்சு. 90 நாள் தாண்டினா கணக்கு என்.பி.ஏ. "உள்ளே எல்லாம் செத்துப்போச்சு, காலி பண்ணிட்டு புதுசா ஆரம்பிங்க" என்றார் ஒரு ஆலோசகர். அப்படிச் செஞ்சா பல மாச வருமானம் போச்சு. சர்தார்ஜி என்னைப் பார்த்தார். "மேனேஜர் சாப், செத்துருச்சுன்னு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. அதற்கு ஒரு சோதனை இருக்கு. கலனிலிருந்து கொஞ்சம் கரைசலை எடுத்து காத்துப் புகாத குடுவையில் ஊத்தி, அசிடேட் உப்பைத் தீனியா கொடுக்கணும். மீத்தேன் நுண்ணுயிர்களுக்குப் பிடிச்ச சாப்பாடு அதுதான். வர்ற வாயுவைக் காஸ்டிக் சோடா கரைசல் வழியா விட்டா கார்பன் டை ஆக்சைடு அங்கேயே தங்கிடும், மீத்தேன் மட்டும் வெளியே வரும். அது எவ்வளவு நீரைத் தள்ளுதுன்னு அளந்தா கணக்கு தயார். தீனி போடாத குடுவை ஒண்ணும் பக்கத்தில் வைக்கணும், அதில் வர்றதைக் கழிக்க.

மிச்சம் உள்ளதை, கரைசலில் இருக்கிற கரிமத் திடப்பொருளின் எடையால் வகுக்கணும். ஒரு கிராமுக்கு, ஒரு நாளைக்கு எவ்வளவு மீத்தேன்? அந்த எடையில் செத்த உயிரும் வைக்கோல் நாரும் சேர்ந்தே இருக்கும். அதனால எடை மட்டும் பார்த்தா ஏமாந்துடுவோம். நம்ம பாஷையில் சொன்னா, புத்தகத்தில் இருக்கிற சொத்து வேற, கையில் வர்ற காசு வேற.

பக்கத்து நகர ஆய்வகத்தில் ரெண்டு வெப்பநிலையில் வெச்சுப் பார்த்தாங்க. கலனின் குளிரில் குடுவை மந்தம். 37 டிகிரியில் நல்லா பொங்குச்சு. சாகலை, குளிர்ல முடங்கியிருக்கு!

கலனைக் காலி பண்ணலை. தீனியைப் பாதியாக் குறைச்சு, வெந்நீரில் சாணம் கரைச்சு, மேலே வைக்கோல் போர்த்தினாங்க. ஹோலிக்குள் வாயு திரும்பிடுச்சு. 78-வது நாள் தவணையும் வந்துடுச்சு.

உங்க குடியிருப்பில் சமையல் கழிவு கலன் இருந்தா ஒண்ணு சொல்றேன். வாயு குறைஞ்சா இன்னும் கொட்டாதீங்க. அமிலம் சேர்ந்து நிஜமாவே படுத்துடும். முதல்ல தீனியைக் குறைங்க, அப்புறம் அளந்து பாருங்க.