வானத்தில் மூன்று புள்ளிகள்

நானா கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்தபோது, தான் பாவித்த கெமராவை எனக்குத் தந்துவிட்டுப் போனார். லென்ஸைக் கழற்றி மாட்டக்கூடிய கெமரா அது. வீட்டில் வேறு யாரையும் நான் அதைத் தொட விடுவதில்லை. கடந்த ஜனவரியில், தம்பியின் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக்காக, உம்மா சொன்னதால் ஒரேயொரு நாள் கொடுத்தேன்.

அடுத்த கிழமை வாப்பாவோடு வங்காலைக்குப் போனேன். மன்னார்த் தாம்போதியைக் கடந்தால் விரியும் அந்த ஈரநிலம் 2008இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. பூநாரைகள் கூட்டமாக நின்றன. அருகிலுள்ள பறவைகளும் தூரத்துக் கரையும் ஒன்றாகத் தெளிவாக விழ வேண்டும் என்று லென்ஸின் துவாரத்தை எஃப் 16 வரை சுருக்கிப் படமெடுத்தேன். கல்லூரிக் கண்காட்சிக்கு அவற்றைத்தான் கொடுப்பதாக இருந்தேன்.

வீட்டில் கணினியில் போட்டுப் பார்த்தால், எல்லாப் படங்களிலும் வானத்தில் மூன்று கரும்புள்ளிகள். அதே மூன்று, அதே இடத்தில். லென்ஸைத் துடைத்தேன். போகவில்லை. வேறு லென்ஸ் மாட்டினேன். அப்போதும் இருந்தன. அப்படியென்றால் தூசு கெமராவுக்குள்ளே, சென்சரில்தான் இருக்கிறது.

“நீதான் லென்ஸைக் கழற்றி விளையாடியிருக்கிறாய்!” என்று தம்பியை அவன் கூட்டாளிகளுக்கு முன்னாலேயே ஏசிவிட்டேன்.

“நான் கழற்றவே இல்ல ராத்தா” என்றான். நான் நம்பவில்லை. இரண்டு நாள் அவன் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் வாப்பா கேட்டார்: “அவன் தொட முதல் எடுத்த படங்களைப் பாத்தியா மகள்?”

பார்த்திருக்கவில்லை. பழைய படங்களைத் திகதி வரிசையில் திறந்தேன். ஆகஸ்ட் மாதம் தலைமன்னார்க் கடற்கரை. சோளகக் காற்று மணலை அள்ளி வீசிக்கொண்டிருந்த பின்னேரம். அன்று முதலில் எடுத்த படங்களில் வானம் சுத்தமாக இருந்தது. பிறகு கரையிலேயே நின்று லென்ஸ் மாற்றினேன். அதற்குப் பின் எடுத்த ஒவ்வொரு படத்திலும், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் மூன்று மங்கல் நிழல்கள்.

தூசு ஒட்டுவது சென்சருக்கு முன்னாலுள்ள மெல்லிய கண்ணாடியில். துவாரம் பெரிதாக இருக்கும்போது ஒளி பல கோணங்களிலிருந்து வருவதால் தூசின் நிழல் கரைந்துவிடும். துவாரத்தைச் சுருக்கினால் நிழல் கூர்மையாக விழும். ஐந்து மாதங்களாக என் பிழை கெமராவுக்குள்ளேயே இருந்திருக்கிறது. நான்தான் காணவில்லை.

தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். கூட்டாளிகளுக்கு முன்னால் ஏசியதால் அவர்களுக்கு முன்னாலேயே கேட்டேன். அது லேசாக இருக்கவில்லை.

அன்றிரவு மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி இருவரும் உட்கார்ந்தோம். பற்றரியை முழுதாக மின்னேற்றியிருந்தோம். சுத்தம் செய்யும் நடுவில் மின் நின்றால் உள்மூடி சென்சருக்கு மேல் மூடிக்கொள்ளும். கெமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, றப்பர் ஊதியால் காற்றடித்தேன். வாயால் ஊதக் கூடாது, எச்சில் தெறிக்கும். தம்பி டோர்ச் பிடித்தான். படத்தில் மேலே தெரியும் புள்ளி சென்சரில் கீழே இருக்கும் என்று சொன்னதும், “அங்க ராத்தா, கீழ!” என்று அவனே காட்டினான்.

இரண்டு புள்ளிகள் போய்விட்டன. ஒன்று அசையவில்லை. சென்சர் துடைக்கவென்றே விற்கும் துடைப்பான் வாங்கும் வரை அதை விட்டுவைத்திருக்கிறோம்.

இப்போது கடற்கரைக்குப் போனால் நான் லென்ஸ் மாற்றுவதில்லை. வெறும் வானத்தை எஃப் 16இல் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன். யார் மீதாவது கோபம் வரும்போதும் வாப்பாவின் கேள்வியை முதலில் என்னிடமே கேட்டுக்கொள்கிறேன்.