ஒன்பது சதுர மீட்டர்

விஞ்ஞானம் படிக்கிறவன் கணக்கில் தவறமாட்டான் என்று பெற்றோர் நம்புகிறார்கள். மதுரையில் இருக்கும் என் பெற்றோரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்த மலர் அவர்கள் கைக்குப் போய்ச் சேராது என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு தில்லி பிரகதி மைதானத்தில் நடந்த ஒரு வணிகப் பொருட்காட்சியில் எனக்குச் சில நாள் வேலை கிடைத்தது. ஆய்வுக்கூடக் கருவிகள் விற்கும் ஒரு கம்பெனியின் அரங்கில் நின்று, வருவோர்க்குக் கருவிகளை விளக்க வேண்டும். அதற்கு முன்பு, அரங்கு எழும்பும் நாட்களில் கூடமாட உதவவும் வேண்டும்.

அரங்கு என்றதும் பெரிதாக எண்ணிவிடாதீர்கள். 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். ஆக 9 சதுர மீட்டர். மூன்று பக்கம் பலகைச் சுவர், முன்புறம் திறப்பு, நெற்றியில் கம்பெனியின் பெயர். இதற்குள் தச்சர், பெயிண்டர், மின்சார மிஸ்திரி, கம்பளம் விரிப்பவர் அத்தனை பேரும் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் வேலையை முடிக்க வேண்டும். பலகை மூடுமுன் மின்கம்பி ஓட வேண்டும். பெயிண்ட் காய்ந்த பிறகே கம்பளம். ஒருவர் ஒரு மணி தாமதித்தால் அடுத்தவருக்கு அன்றைய உறக்கம் போயிற்று. திறப்பு நாளோ யாருக்காகவும் நகராது.

தில்லியின் 'மிஸ்திரி'யும் நம் ஊர் 'மேஸ்திரி'யும் போர்த்துக்கீசியச் சொல் ஒன்றின் இரு பிள்ளைகள். எங்கள் மிஸ்திரி பீகார்க்காரர், அறுபதை நெருங்கியவர். என்னை 'பேட்டா' என்பார். நான் 'சாச்சா' என்பேன். அதே மைதானத்தில் 1972இல் எழுந்து, 2017 ஏப்ரலில் இடிக்கப்பட்ட 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்' மண்டபத்தில் தாம் விளக்கு மாட்டிய கதையைத் தேநீர் வேளையில் சொல்லுவார். "அவ்வளவு பெரிய மண்டபமே போய்விட்டது. நம்முடையது நாலு நாள் நின்றால் போதும். ஆனால் அந்த நாலு நாளும் ஒழுங்காக நிற்க வேண்டும்" என்பார்.

அரங்குக்கு எவ்வளவு மின்சாரம் தேவை என்று முன்கூட்டியே படிவத்தில் எழுதித் தர வேண்டும். அதை நிரப்பும் பொறுப்பை மேலாளர் என்னிடம் விட்டிருந்தார். நான் விளக்குகளை எண்ணி '1 கிலோவாட்' என்று எழுதினேன். காட்சிக்கு வைக்கும் மின் உலை மட்டும் 3 கிலோவாட் என்பதை மறந்தே போனேன்!

திறப்புக்கு முந்தைய இரவு, மணி பதினொன்று. உலையைப் போட்டோம். ஒரு நிமிடம் ஆகுமுன் அரங்கு இருண்டது. மறுபடியும் போட்டோம்; மறுபடியும் இருள். 1 கிலோவாட்டுக்கு 230 வோல்ட்டில் நாலரை ஆம்பியர்கூட ஆகாது. உலை ஒன்றே 13 ஆம்பியர் இழுக்கும். காப்பு விசை தன் கடமையைச் செய்தது.

மேலாளர் மிஸ்திரியின்மேல் பாய்ந்தார். "மட்டமான வேலை! கூலியில் பிடிப்பேன்" என்றார். மிஸ்திரி படிவத்தின் நகலைப் பார்த்தார். என்னையும் ஒருமுறை பார்த்தார். ஒன்றும் சொல்லாமல், முன்பே சோதித்த இணைப்புகளை மீண்டும் சோதிக்கத் தொடங்கினார்.

கம்பெனி ஒப்பந்தக்காரருக்குத் தருகிறது. அவர் மிஸ்திரிக்குத் தருகிறார். பணம் மேலிருந்து இறங்க இறங்கக் குறைகிறது; பழியோ இறங்க இறங்கப் பெருகுகிறது. கம்பெனி ஆளைக் குற்றம் சொன்னால் அடுத்த வேலைக்கு யார் கூப்பிடுவார்கள்? அந்த அச்சத்தின் நிழலில் நான் வசதியாக நின்றுகொண்டேன். கால்மணி நேரம் நின்றேன்.

பிறகுதான் வாய் வந்தது. "சார், தவறு என்னுடையது. படிவத்தில் உலையைச் சேர்க்கவில்லை."

மேலாளர் என்னை முறைத்துவிட்டுக் கூடுதல் மின்சாரம் கேட்கப் போனார். அது மறுநாள் பிற்பகல்தான் வந்தது. அதுவரை ஆறிய உலையின் பெருமையை நான் வருவோர்க்கு எடுத்துரைத்தேன். கூடுதல் கட்டணம் என் சம்பளத்தில் கழிந்தது; மிஸ்திரியின் கூலி குறையவில்லை. அவரிடம் வருத்தம் தெரிவிக்க மேலாளருக்குத் தோன்றவில்லை.

மிஸ்திரி எனக்கு ஒரு தேநீர் வாங்கித் தந்தார். "அடுத்த முறை உலையை முதலில் எழுது பேட்டா, விளக்கைப் பிறகு எண்ணலாம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

பரீட்சையில் விட்ட மதிப்பெண்ணை அடுத்த பரீட்சையில் பிடித்துவிடலாம். அந்தக் கால்மணி நேரத்தை எதில் பிடிப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.