இலவச டிவியின் கடைசிக் கணக்கு

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கடலோரக் குப்பம் ஒன்றில் ஒரு வீடு. அலமாரி மேல் பதினாலு இன்ச் கலர் டிவி ஒன்று, அதன்மேல் ஒரு பழைய துண்டு. அதில் படம் தெரிந்து பல வருஷம் ஆகிறது. ஒருநாள் பழைய இரும்பு வாங்குகிறவர் வாசலில் வந்து நின்றார். "டிவி இருந்தா போடுங்கம்மா, நூறு ரூபா தரேன்" என்றார். ஆயா சரி என்று சொல்லிவிட்டார். தினமும் பஸ் ஏறி செங்கல்பட்டுக்குப் போய் பி.காம் படிக்கும் பேத்திதான் தடுத்தாள்.

"சும்மா கெடக்கிற பொருளுக்கு நூறு ரூபா வந்தா உனக்கு என்னடி கஷ்டம்?" என்று கேட்டார் ஆயா.

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வேண்டுமென்றால் அந்த டிவி வந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

2006 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு இலவச கலர் டிவி திட்டத்தைத் தொடங்கியது. 2011க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட டிவிகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. ஆட்சி மாறியதும் 2011ல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. பொருள் வீட்டுக்குள் வர விழா இருந்தது, பந்தல் இருந்தது, டோக்கன் இருந்தது. வீட்டை விட்டு வெளியே போகத்தான் வழி யோசிக்கப்படவில்லை. மின்கழிவுக்கென்று இந்தியாவில் தனி விதிகள் எழுதப்பட்டதே 2011ல்தான். அவை அமலுக்கு வந்தது 2012 மே மாதம். அதற்குள் டிவி எல்லாம் வீடு சேர்ந்துவிட்டது! கடலோர வீடுகளில் உப்புக்காற்று வேறு. சர்க்யூட் போர்டு சீக்கிரம் அரித்துப் போகும்.

சரி, நூறு ரூபாய் கொடுத்து வாங்குகிறவருக்கு அந்த டிவியில் என்ன லாபம்?

பிக்சர் டியூபின் கழுத்தில் செம்புக் காயில் இருக்கிறது. உள்ளே போர்டு, ஒயர், கொஞ்சம் இரும்பு. பல இடங்களில் டியூபின் கழுத்தை உடைத்துக் காயிலை எடுத்துக்கொள்கிறார்கள். ஒயரைத் தீயில் போட்டால் பிளாஸ்டிக் எரிந்து செம்பு மிஞ்சும். அந்தப் புகையில் டயாக்சின் போன்ற நச்சு இருக்கும். இதெல்லாம் முடிந்தபிறகு மிஞ்சுவது கண்ணாடி. அதை யாரும் வாங்குவதில்லை. ஏரிக்கரையோ, சாலையோரப் பள்ளமோ, எங்காவது கொட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

டியூபின் பின்பக்கம் புனல் மாதிரி இருக்கும் கண்ணாடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஈய ஆக்சைடு. கதிர்வீச்சைத் தடுப்பதற்காகச் சேர்த்தது. முழுசாக இருக்கும்வரை பயமில்லை. நொறுங்கி மண்ணிலும் தண்ணீரிலும் கிடந்தால் ஈயம் மெல்லக் கசியும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும். செங்கல்பட்டைத் தாண்டி வரும் பாலாறு மாமல்லபுரத்துக்குத் தெற்கே வயலூர் அருகேதான் கடலில் கலக்கிறது. மேலே கொட்டியது கீழே வராது என்று யார் உத்தரவாதம் தர முடியும்?

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஆயாவுக்கு நூறு ரூபாய் வரவு. வியாபாரிக்குச் செம்பு வரவு. செலவு யார் கணக்கில்? ஏரிப் பக்கத்தில் விளையாடும் யாரோ ஒரு பிள்ளையின் கணக்கில். அந்தச் செலவு எந்த லெட்ஜரிலும் ஏறாது. இதற்காகப் பழைய இரும்புக்காரரைத் திட்டுவது தப்பு. வெறும் கையோடு அந்தக் கண்ணாடியை அள்ளுகிறவர் அவர்தான். முதல் பாதிப்பும் அவருக்குத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள புதிய விதிகளின்படி, பொருளை விற்கும் கம்பெனிகள் பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைகளிடம் சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்ட வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சான்றிதழ் தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகிய உலோகங்களை மீட்ட கணக்கில் கிடைக்கிறது. ஈயக் கண்ணாடிக்கு அங்கேயும் மதிப்பு இல்லை! உலக நிலவரமும் பெருமைப்படும்படி இல்லை. 2022ல் உலகம் முழுக்கச் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான்.

அப்படியானால் ஒரு வீட்டில் என்ன செய்யலாம்? ரிப்பேர் ஆகும் பொருளை முதலில் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஆகாததைப் பிரிக்காதீர்கள், உடைக்காதீர்கள், முழுசாகவே கொடுங்கள். செல்போன் என்றால் உள்ளே இருக்கும் தகவலை அழித்துவிட்டுக் கொடுங்கள். வீங்கிய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். வாங்க வருகிறவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். புது டிவி வாங்கும்போது பழையதை எடுத்துக்கொள்வீர்களா, அது எங்கே போகும் என்று கடையில் கேளுங்கள்.

ஒரே ஒரு பழைய டிவிக்காக எந்த ஆலையும் குப்பம்வரை வண்டி அனுப்பாது, கட்டுப்படியாகாது. அதனால் பேத்தி ஒரு நோட்டில் பேர் எழுத ஆரம்பித்திருக்கிறாள். வகுப்பில் யார் யார் வீட்டில் ஓடாத டிவி, மிக்ஸி, கிரைண்டர் இருக்கிறது என்று. ஒரு வண்டி நிறையச் சேர்ந்தால் கூப்பிடலாம் என்பது அவள் கணக்கு. ஆயாவுக்கு வரவேண்டிய நூறு ரூபாயை அவளே தன் பஸ் காசிலிருந்து கொடுத்துவிட்டாள். ஆயா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

டிவி இன்னும் அலமாரி மேலேயே இருக்கிறது, முழுசாக. உங்கள் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது?