மஸ்கிரேவ் வீட்டு வாத்தியாருக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய வாத்தியார் ஐயா,

கோனன் டாயில் உங்களுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. 1893 மே மாத 'ஸ்ட்ராண்ட்' இதழில் வந்த 'மஸ்கிரேவ் சடங்கு' கதையில் உங்கள் பழைய மாணவர் போகிற போக்கில் உங்களை நினைத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். ஆனாலும் அந்தக் கதைக்காக நான் முதலில் கும்பிட வேண்டியவர் நீங்கள்தான். ஷெர்லாக் ஹோம்ஸ் அப்புறம்.

சசெக்ஸில் ஒரு பழைய மாளிகை. அந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக ஒப்பித்துவரும் ஒரு கேள்வி-பதில். சூரியன் ஓக் மரத்துக்கு மேலே வரும்போது எல்ம் மரத்தின் நிழல் எங்கே முடிகிறதோ, அங்கிருந்து அடி எண்ணி நடந்தால் புதையல். ஓக் இருக்கிறது. எல்ம் இடி விழுந்து, வெட்டப்பட்டு ஆண்டுகள் பத்தாகின்றன. இல்லாத மரத்துக்கு நிழல் ஏது?

அதன் உயரம் தெரியுமா என்று ஹோம்ஸ் கேட்கிறார். 64 அடி என்று உங்கள் மாணவர் ரெஜினால்ட் மஸ்கிரேவ் சட்டென்று சொல்கிறார். முக்கோணவியல் பயிற்சி என்றாலே நீங்கள் உயரம்தான் அளக்கச் சொல்வீர்களாம். அந்தப் பண்ணையில் பையன் அளக்காத மரமில்லை, கட்டடமில்லை.

மீதி சுலபம். தூண்டில் கோலின் இரண்டு துண்டுகளைச் சேர்த்தால் 6 அடி. எல்ம் நின்ற இடத்தில் அதை நட்டால் நிழல் 9 அடி. கோலுக்கு ஒன்றரை மடங்கு என்றால் மரத்துக்கும் ஒன்றரை மடங்கு: 96 அடி. ஹோம்ஸ் அளந்துபோய் ஒரு முளை அடிக்கிறார். இரண்டு அங்குலத்துக்குள் இன்னொரு முளை அடித்த குழி! அந்த மாளிகையிலிருந்து காணாமல்போன பட்லர் பிரண்டன் முந்திக்கொண்டிருக்கிறார். அவரும் ஒரு காலத்தில் பள்ளி வாத்தியார்தான். கணக்கு ஆள் பார்ப்பதில்லை. துப்பறிபவருக்கும் திருட வந்தவருக்கும் ஒரே விடை.

புதையல் என்ன என்பதை நான் உடைக்கப் போவதில்லை. சொல்ல வந்தது வேறு. 140 வகைப் புகையிலைச் சாம்பலை ஹோம்ஸ் பிரித்தறிவார் என்றால் நாம் வாய் பிளக்கலாம், சரிபார்க்க முடியாது. வடிவொத்த முக்கோணங்களோ பத்தாம் வகுப்புப் பாடம். பென்சிலை எடுத்தால் வாசகரும் ஹோம்ஸுக்குச் சமம். ஏன், அவரை மடக்கவும் செய்யலாம்: இத்தனை காலத்தில் ஓக் வளர்ந்திருக்காதா? வேறொரு மாதத்தில் அளந்தால் நிழல் நீளம் மாறாதா? நம்பாமல் கேட்கும் இந்தத் துணிச்சலையும் அதே பாடம்தான் தருகிறது.

தேர்வுக்கு வராத மரத்தையும் அளக்க வைத்தீர்கள். எந்தக் கணக்கு எந்த நாளில் கைகொடுக்கும் என்று உங்களுக்கும் தெரிந்திருக்காது. தெரியாமலே சொல்லிக்கொடுத்ததற்கு நன்றி ஐயா.

இப்படிக்கு,
மர்மக் கதையைப் பென்சிலோடு படிக்கும் ஒரு வாசகன்