ஐந்து சென்ட் காடு

திருவனந்தபுரத்தில் இறங்கினால் அக்கா வீட்டில் ஒரு நாள் தங்கிவிட்டுத்தான் நாகர்கோவில் போவேன். இந்த முறை அக்கா மகள் (தாவரவியல் படிக்கிறாள்) பெட்டியைத் திறக்கக்கூட விடவில்லை. "வாங்க மாமா, ஒரு காடு காட்டித் தாரேன்" என்று கனகக்குன்னுக்கு இழுத்துப் போனாள்.

கொட்டாரத்தைச் சுற்றி வாக்கிங் போகும் கூட்டம். அங்கே எங்கே காடு? இருக்கிறது மக்களே! ஜப்பானின் அகிரா மியாவாக்கி (2021-ல் காலமானார்) சொன்ன முறையில் 2019-ல் நட்டது. சுமார் 5 சென்ட், நம்ம கணக்கில் ஒரு வீட்டு மனை. உள்ளூர் மரக்கன்றுகளை நெருக்கி நட்டால், வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு மளமளவென்று மேலே போகுமாம்.

அண்ணாந்து பார்த்து "அடேங்கப்பா" என்றேன். "உயரத்தைப் பார்த்து ஏமாறாதீங்க மாமா" என்று பாடத்தை ஆரம்பித்தாள்.

சுற்றளவை அளக்க வேண்டும், தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில். பெயின்ட் அடையாளம் வைத்து அடுத்த தடவையும் அதே இடத்தில். வெட்டி வளையத்தை எண்ணினால் ஆகாதா என்று என் அறிவைக் காட்டினேன் :) குளிர்நாட்டு மரம் குளிர்காலத்தில் வளர்ச்சியை நிறுத்துவதால் வளையம் விழுகிறது. இங்கே தேக்கு மாதிரி சிலதைத் தவிர பல மரங்களில் வளையம் தெளிவாக இருக்காது.

பூ, காய்க் கணக்குக்கு இன்னும் பொறுமை வேண்டும். மாதம் ஒரு முறையாவது அதே மரத்தடியில் நின்று தளிர், மொட்டு, பழம் என்று குறிக்கணும். பனை மாதிரியே வட்டை மரத்திலும் ஆண் வேறு, பெண் வேறு. ஆண் மரம் எத்தனை வளர்ந்தாலும் காய்க்காது. காய்த்து, விதை விழுந்து, கீழே கன்று தலையெடுத்தால்தான் அவள் காடு என்று ஒப்புக்கொள்வாளாம். அதுவரை தோப்புதான். இந்தப் பணத்தை இருக்கிற காட்டைக் காப்பாற்றச் செலவழிக்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. நகரத்துக்குள் சும்மா கிடக்கிற மனைக்கு இது மோசமில்லை என்பது என் கட்சி.

"ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வந்து பாக்கிறவங்களுக்கு உயரம் மட்டும்தான் தெரியும். பூத்தது, உதிர்ந்தது எதுவும் தெரியாது" என்றாள். மரத்தைத்தான் சொன்னாள்.

நாகர்கோவிலில் அப்பா விட்டுப்போன மனையும் 5 சென்ட்தான். அவர் போன பிறகு யாரும் வெட்டாததில் ஓர் அயனி தானாக வந்திருக்கிறது. தரகர் ஆளோடு வந்து உட்கார்ந்திருந்தார். "மரத்தை நாங்களே தறிச்சுக்கிடுதோம்" என்றார். தங்கமணிக்கு விலையில் முழுத் திருப்தி. அம்மா ஒன்றும் பேசவில்லை.

அம்மாவின் தையல் டேப்பை எடுத்துப்போய் அளந்தேன். 61 செ.மீ.

அட்வான்ஸ் வாங்காமல்தான் விமானம் ஏறினேன். தங்கமணி இன்னும் சரியாகப் பேசவில்லை. பூத்தால் போன் பண்ணச் சொல்லி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.