வில்பத்துவில் இரு வில்லைகள்

ஹுணுவில்கம வாயில் வழியாக வைகறையில் வில்பத்து வனத்தினுள் நுழைந்தபோது, நண்பரும் நாமும் ஆளுக்கொரு தூர வில்லை வைத்திருந்தோம். இரண்டும் இரவல், ஒன்றை எமக்கு விற்க உரியவர் இசைந்திருந்தார். எதனை வாங்குவது?

இரண்டுமே நிக்கோன் செய்த 500 மில்லிமீற்றர் வில்லைகள். 2015இல் வெளிவந்த எஃப் 4 வில்லை 3,090 கிராம். 2018இல் வந்த எஃப் 5.6 வில்லையோ, பிரெனல் கண்ணாடியின் உபயத்தால், 1,460 கிராமே.

மழைநீர் தேங்கும் இயற்கை வாவியை அங்கே வில்லு என்பர். அத்தகைய வில்லு ஒன்றின் அருகே செம்மணற் பாதையைக் கடந்தது ஒரு சிறுத்தை. பாரமானதை நாம் மடியிலிருந்து தூக்கி நிறுத்துமுன் வால் மட்டுமே எஞ்சிற்று. மெலிந்ததை ஏந்திய நண்பருக்கு மூன்று படங்கள்! எமது பொறாமையை மறைப்பானேன்?

அந்தியில், மருத மரத்தடியில் இன்னொரு சிறுத்தை படுத்திருந்தது. எஃப் 4 இருமடங்கு ஒளியை உள்ளே விடும். மற்றதிலோ அதே வேகத்துக்கு ஐ.எஸ்.ஓ. எண்ணை இரட்டிக்க வேண்டும். நண்பரின் படத்தில் மணல் தூவியதுபோற் புள்ளிகள். எமது படத்தில் மீசைமயிரும் தெளிவு. பாரமோ, ஜீப்பின் சட்டத்தில் கிடந்த அரிசிப் பையின்மேல் சாய்ந்திருந்தது. வண்டியைவிட்டு இறங்கலாகாத வனத்தில் சுமையைப் பற்றி யாருக்குக் கவலை?

எனினும், வில்பத்துவுக்கு நாம் வருவது ஆண்டுக்கொருமுறை. ஏனைய ஞாயிறுகளில் மன்னார், வங்காலைச் சதுப்பில் பறவைகளின் பின்னே கால்நடையாய் அலைகிறோம். மெலிந்ததையே கேட்டு வாங்கினோம். அந்திச் சிறுத்தை போனாற் போகட்டும்.