தையலின் மறுபாதி: இஸ்திரிப் பலகை

 

தொழுமிடந்தோறும் ஆடையால் தம்மை அழகுபடுத்திக்கொள்ள வேண்டும் என்று ஆதமுடைய மக்களுக்குப் பணிக்கும் இறைவசனம், வீண்விரயம் கூடாது என்பதையும் அவ்விடத்திலேயே சேர்த்துச் சொல்கிறது (அல்குர்ஆன் 7:31). அழுக்கடைந்த ஆடையுடன் ஒருவரைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், துணியைத் துவைத்துக்கொள்ள இவருக்கு ஏதும் கிடைக்கவில்லையா என்னும் பொருள்பட வினவிய செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. தமது கிழிந்த ஆடையைத் தாமே தைத்துக்கொண்டவர்கள் அவர்கள். நபி இத்ரீஸ் (அலை) அவர்கள் தையற்கலையில் முன்னோடி என மார்க்க அறிஞர்கள் எழுதி வைத்துள்ளனர். ஆக, ஊசியும் நூலும் நமக்கு அயலானவை அல்ல. ஆடையைச் செம்மையாக வைத்துக்கொள்வது ஒரு கடமை. அதற்கென வாரி இறைக்காமல் இருப்பது மற்றொரு கடமை. இவ்விரண்டுக்கும் இடையே நின்று ஒரு சிறு பொருளைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். அது இஸ்திரிப் பலகை.

‘இதையெல்லாம் ஒரு கட்டுரையாக எழுத வேண்டுமா?’ என நீங்கள் கேட்கலாம். எங்கள் திருப்புல்லாணி வட்டாரத்தில், பயணத்திலிருக்கும் கணவர் அனுப்பும் பணம் நின்றுபோன வீடுகளையும், கணவரை இழந்த வீடுகளையும் தாங்கி நிற்பது பல வேளைகளில் ஒரு தையல் இயந்திரமே. தமிழக அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தின் கீழ் இலவசத் தையல் இயந்திரம் பெற்றவர்களும் உண்டு. ஜமாஅத்தார் வாங்கிக் கொடுத்த இயந்திரத்தில் தைப்பவர்களும் உண்டு. ஆனால், இயந்திரம் வந்த பிறகும் சிலருக்கு வருமானம் வரவில்லையே, ஏன்? மதரஸாவில் பெண்பிள்ளைகளின் மாலைநேரத் தையல் வகுப்பைக் கவனித்துவரும் எனக்குத் தெரிந்த விடை இதுதான்: தையலில் பாதி ஊசியில் இருக்கிறது, மறுபாதி இஸ்திரிப் பெட்டியில் இருக்கிறது. அந்த மறுபாதியை நாம் மறந்துவிடுகிறோம்.

தேய்ப்பது வேறு, அழுத்துவது வேறு

வீட்டில் சட்டையைத் தேய்க்கும்போது பெட்டியை முன்னும் பின்னும் இழுக்கிறோம். தைப்பவர் செய்ய வேண்டியது அதுவன்று. பெட்டியைத் தையலின் மேல் வைத்து, சற்றே அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். இழுத்தால் துணி நெளிந்து அளவு மாறிவிடும். ஒவ்வொரு தையலையும் போட்டவுடன் முதலில் அப்படியே அழுத்த வேண்டும். நூல் துணிக்குள் படிந்துவிடும். பிறகு உட்புறம் திருப்பி, தையல்வாயை இருபுறமும் விரித்து அழுத்த வேண்டும். காலருக்குள் வைக்கும் பக்ரம் ஒட்டுவதும், கமீஸின் ஓரம் மடிப்பதும், கைப்பகுதியை உடலோடு இணைப்பதும் அழுத்தத்தால்தான் நேர்த்தி பெறுகின்றன.

எங்களூர்ச் சகோதரி ஒருவர் நன்றாகவே தைப்பார். வெட்டும் அளவிலும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அக்கம்பக்கத்தார் பெருநாள் துணியை மட்டும் இராமநாதபுரத்துக்கு எடுத்துச் சென்றனர். ‘கடையில் தைத்ததுபோல் இல்லை’ என்பதே அவர்கள் கூறிய காரணம். சிமெண்டுத் தரையில் போர்வையை விரித்து, குனிந்தமர்ந்து, எல்லாம் தைத்து முடித்த பிறகு ஒரே ஒருமுறை தேய்த்துக் கொடுப்பது அவர் வழக்கம். இடுப்புவலியால் இடையில் எழுந்து அழுத்த அவருக்கு இயலவில்லை. இயந்திரத்தின் அருகிலேயே, நின்றபடி அழுத்தத் தக்க உறுதியான பலகை ஒன்று அமைந்த பிறகு, அந்த ஆண்டு ரமளானின் இறுதிப் பத்தில் அவர் வீட்டு விளக்கு நள்ளிரவு வரை எரிந்தது. கைத்திறன் அதே திறன்தான், கருவிதான் மாறியது.

ஒரு தையற்காரப் பெண்மணியின் கண்டுபிடிப்பு

இந்தப் பலகைக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் வட கரோலினாவில் 1832ஆம் ஆண்டு அடிமைக் குடும்பத்தில் பிறந்த கறுப்பினப் பெண்மணி சாரா பூன். பின்னாளில் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரில் குடியேறி, ஆடை தைத்துக் குடும்பத்தைக் காத்தார். அடிமைகள் எழுத்தறிவதே தடுக்கப்பட்டிருந்த சூழலில் வளர்ந்த அவர், நாற்பது வயதைக் கடந்த பின்னரே எழுதப் படிக்கக் கற்றார் என்பர். அகன்ற பலகையில் பெண்களின் சட்டைக் கையையும் இடுப்பு வளைவையும் சரிவர அழுத்த முடியாததைக் கண்டு, குறுகலாகவும் வளைவாகவும் மடக்கி வைக்கத் தக்கதாகவும் ஒரு பலகையை வடிவமைத்தார். 1892 ஏப்ரல் 26 அன்று அதற்கு அரசின் காப்புரிமை கிடைத்தது. அவருக்கு முன்பே இஸ்திரிப் பலகைகள் இருந்தன. ஆனால் தையலின் தேவையறிந்து அதைத் திருத்தியவர் தைத்துப் பிழைத்த ஒரு பெண்ணே. நாற்பதுக்கு மேல் கல்வி எதற்கு எனச் சோர்ந்திருக்கும் சகோதரிகள் இதனைச் சற்றே சிந்திப்பார்களாக.

கடையில் பார்க்க வேண்டியவை

கடைகளில் ‘அயர்னிங் டேபிள்’ என்று கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். பெட்டியின் மேலுள்ள படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பிரித்து நிறுத்தச் சொல்லுங்கள். பின் வருவனவற்றை ஒவ்வொன்றாகக் கவனியுங்கள்.

முதலாவது, உறுதி. இரு கைகளையும் ஊன்றிப் பலகையைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கூரிய முனையில் உள்ளங்கையால் அழுத்துங்கள்; மறுமுனை தூக்கினால் அது தையலுக்கு ஆகாது. கால்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் இடத்திலுள்ள ஆணி தளர்ந்திருக்கக் கூடாது. கால்கள் தாமாக மடங்கிவிடாதபடி பூட்டும் அமைப்பு இருக்க வேண்டும். எடை மிகக் குறைவு என்பதையே பெருமையாகச் சொல்லி விற்பார்கள். தினந்தோறும் அழுத்தும் வேலைக்கு அது பெருமையன்று. குழாய் மெல்லியது என்பதற்கான அடையாளம்.

இரண்டாவது, உயரம். நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்குங்கள். பலகை முழங்கையிலிருந்து 4 முதல் 6 அங்குலம் தாழ்ந்து அமைய வேண்டும். 5 அடி உயரமுள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ 32 அங்குலம் பொருந்தும். உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியிருந்தால், கர்ப்பிணிகளும் வயது முதிர்ந்த உம்மாமாரும் நாற்காலியில் அமர்ந்தே தேய்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, அளவு. சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் 110 முதல் 122 செ.மீ. நீளமும், 30 முதல் 45 செ.மீ. அகலமும் கொண்டவை. சட்டை, கைலி தேய்க்க மட்டும் என்றால் சிறியது போதும். புர்கா தைக்கும் துணிகள் 58, 60 அங்குல அகலத்தில் வருவதால், தைப்பவர்கள் இயன்றவரை அகலமானதையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு முனை குறுகலாகவும் மறுமுனை சதுரமாகவும் இருப்பது நலம்: தோளையும் கையையும் குறுகிய முனையில் நுழைத்து அழுத்தலாம், நீண்ட ஓரங்களை அகன்ற முனையில் பரப்பலாம்.

நான்காவது, பெட்டி வைக்கும் தாங்கி. அது கம்பி வளைவாக மட்டும் இராமல், பெட்டி நழுவாதபடி விளிம்புடன் அமைந்திருக்க வேண்டும். அந்தத் தாங்கியில் பெட்டியை வைத்த பிறகும் பலகை சாயாமல் நிற்கிறதா எனப் பாருங்கள்.

உப்புக் காற்றுக்கு என்ன பதில்?

வெளியூர் நண்பர்களின் ஆலோசனை நமக்கு முழுவதும் பொருந்தாது. சேதுக்கரைக் கடல் எங்களூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. கச்சானும் வாடையும் மாறி மாறி உப்பைச் சுமந்து வருகின்றன. உப்பு காற்றின் ஈரத்தைத் தன்பால் இழுத்து வைத்துக்கொள்வதால், இரும்பின் மேல் எப்போதும் ஒரு நனைவு நிற்கும். துரு விரைந்து பரவும். பூச்சு எத்தனை பளபளப்பாயினும், வெட்டிய முனைகளிலும் பற்றவைத்த இடங்களிலும், ஆணி துளைத்த ஓட்டைகளிலும்தான் துரு தொடங்கும். ஆகவே அந்த இடங்களை விரலால் தடவிப் பாருங்கள். குழாய்களின் வாய் ரப்பரால் மூடப்பட்டிருக்கிறதா எனக் கவனியுங்கள்.

பலகையின் மேற்பரப்பு இருவகையாக வரும். இரும்பு வலை வைத்தது ஒன்று. மரத்தூளை அழுத்திச் செய்த அட்டைப்பலகை மற்றொன்று. பின்னது நீராவியும் மழைக்கால ஈரமும் பட்டு ஊதிப் பொருமிவிடும். வலையோ நீராவியைக் கீழே கடத்திவிடும். ஆனால் துருப்பிடித்தால் உறையையும் தாண்டிக் கறை மேலே வரும். வெள்ளைத் துப்பட்டியிலும் வெள்ளைச் சட்டையிலும் படிந்த துருக்கறை எளிதில் போகாது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே வலையுள்ளதை வாங்குங்கள். வலைக்கும் விரிப்புக்கும் இடையே ஒரு தடித்த பருத்தித் துணியை வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாரமொருமுறை உறையைக் கழற்றி, பலகையைத் துடைத்து உலர விடுங்கள்.

விரிப்பில் ஸ்பாஞ்சு வேண்டாம். சூட்டில் அது நாளடைவில் பொடிந்து பள்ளமாகும். மெத்தென்ற பரப்பில் தையல்வாய் தட்டையாகப் படியாது. பழைய கம்பளியை இரண்டு மடிப்பாக இழுத்துக் கட்டி, மேலே காடாத் துணியை உறையாகப் போடுவதே நம் கைக்கு எட்டும் சிறந்த வழி. காடாவைத் தைக்கும் முன் ஒருமுறை நனைத்து உலர்த்துங்கள். இல்லாவிடில் பிறகு சுருங்கும்.

தண்ணீரிலும் கவனம் தேவை. உவர்நீரை நீராவிப் பெட்டியில் ஊற்றினால் உப்பு படிந்து துளைகள் அடைபடும்; துணியில் வெள்ளைத் திட்டும் விழும். குடிக்கும் தண்ணீரையே பயன்படுத்துங்கள்.

தச்சரிடம் செய்துகொள்ளலாமா?

தாராளமாகச் செய்துகொள்ளலாம். நிரந்தரமாக ஓரிடம் ஒதுக்க முடிந்தால், அதுவே மிக உறுதியானது. ஐ.எஸ். 710 முத்திரையுள்ள, நீரைத் தாங்கும் பிளைவுட்டில் நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் ஒரு பலகை வெட்டி, கம்பளியும் காடாவும் சுற்றி, வீட்டிலுள்ள மேசைமீது வைத்தாலே போதும். மேசையின் உயரம் குறைவாயின் கால்களுக்குக் கட்டை கொடுக்கலாம். மார்பு வளைவுகளை அழுத்த, கெட்டித் துணியில் மரத்தூளை இறுக அடைத்து ஓர் உருண்டைத் தலையணை தைத்துக்கொள்ளுங்கள். கையின் உள்தையலுக்கு ஒரு பழைய இதழை இறுகச் சுருட்டித் துணி சுற்றினால் அதுவே கருவி. (இவ்விதழை அல்ல!)

குழந்தைகள் உள்ள வீடு

பெட்டியின் அடியில் ஒரு புள்ளிக்கு 110, இரண்டு புள்ளிக்கு 150, மூன்று புள்ளிக்கு 200 டிகிரி செல்சியஸ் வரை சூடு ஏறும். செயற்கை இழையாலான புர்காத் துணிக்குக் குறைந்த சூடே ஏற்றது. பருத்திக்கே மூன்று புள்ளி. தவழும் குழந்தை தொங்கும் ஒயரை இழுத்தால் அத்தனை சூடும் அதன் மேல் விழும். எனவே பலகையைச் சுவரோரம், மின்செருகிக்கு அருகில் வையுங்கள். ஒயர் வழியில் தொங்க வேண்டாம். மூன்று முனைச் செருகியையே பயன்படுத்துங்கள். வெறுங்காலுடன் சிமெண்டுத் தரையில் நின்று தேய்க்காமல் ரப்பர் செருப்பு அணியுங்கள். பாங்கொலி கேட்டுத் தொழ எழுந்தால், முதலில் சுவிட்சை அணையுங்கள். தீக்காயம் பட்டுவிட்டால் பற்பசையும் மையும் தடவாமல், 20 நிமிடம் ஓடும் நீரில் காட்டி மருத்துவரிடம் செல்லுங்கள்.

ஜமாஅத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

சீர்வரிசையில் பீரோவும் கட்டிலும் கேட்டு வாங்கும் நாம், இந்தப் பலகையை மட்டும் ‘ஆடம்பரம்’ என்கிறோம். இரண்டாண்டுக்கு ஒருமுறை உடையும் மலிவானதை வாங்கி வாங்கித் தூக்கியெறிவதும் வீண்விரயமே. தேய்ப்பதற்கு வாரமொருநாள்கூடத் தொடாதவர்கள் பெரிய பலகை வாங்கி மூலையில் சாத்துவதும் வீண்விரயமே. தேவையறிந்து ஒருமுறை உறுதியானதை வாங்குவதே சிக்கனம்.

தொழில் தெரிந்த ஏழைக்கு, அத்தொழிலுக்குரிய கருவிகளை வாங்குமளவு ஸகாத் கொடுக்கலாம். அதன் விலை குறைவாயினும் கூடுதலாயினும் சரியே என்று நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ‘அல்மஜ்மூஃ’ நூலில் விளக்கியுள்ளார்கள். தையற்காரியின் கருவி என்பது இயந்திரம் மட்டுமா? நல்ல கத்தரிக்கோலும், இஸ்திரிப் பெட்டியும், அசையாத பலகையும் சேர்ந்தால்தான் தொழில் நிறைவுபெறும். பத்து இயந்திரங்கள் கொடுத்து மேடையில் படம் எடுத்துக்கொள்வதைவிட, எட்டுப் பேருக்கு முழுமையாகக் கொடுத்து, மறு ரமளானில் அவர்களே ஸகாத் வழங்கும் நிலையை அடையச் செய்வது மேலல்லவா? மாவட்டந்தோறும் உள்ள முஸ்லிம் மகளிர் உதவும் சங்கத்தாரும் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டுகிறேன்.

சகோதரிகளே! உங்கள் வீட்டிற்கோ, உங்களுக்குத் தெரிந்த ஒரு தையற்காரச் சகோதரியின் வீட்டிற்கோ பலகை வாங்கும் நாளில், மேலே சொன்னபடி ஒருமுறை அசைத்துப் பார்த்து வாங்குங்கள். எச்செயலையும் செவ்வனே செய்வோரின் கூட்டத்தில் நம்மையும், உழைத்து உண்ணும் நம் பெண்மக்களையும் வல்ல ரஹ்மான் சேர்த்தருள்வானாக! ஆமீன்.